'வித்' என்றால் உடனா, எதிரா?

பாளையங்கோட்டையில் இளங்கலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, வித்துன்னா 'கூட'ன்னுதானே சின்ன வகுப்புலேருந்து சொல்லித் தாராவ? அப்பம் வித்ட்ரா, வித்ஹோல்டு, வித்ஸ்டாண்டு, இதுல எல்லாம் 'கூட' எங்க இருக்கு?" ஆங்கிலம் கற்பித்தே ஓய்வு பெற்றவன் நான். அன்று காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்த விடை எனக்கே போதாததாகப் பட்டது. ஆகவே அதை விரிவாக எழுதிவைக்கிறேன்.

நேரான விடை ஒன்று உண்டு. 'வித்' என்ற சொல் 'உடன்' என்ற பொருளோடு பிறக்கவில்லை. 1000 ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அதன் முதன்மையான பொருள் 'எதிராக', 'எதிர்முகமாக' என்பதுதான். தனிச்சொல்லாக நின்றபோது அது காலப்போக்கில் பொருள் மாறிவிட்டது. வேறொரு சொல்லோடு ஒட்டிக் கிடந்த இடங்களில் மாறவில்லை. வங்கியில் பணம் எடுக்க நிரப்பும் வித்ட்ராயல் சீட்டில் 'ட்ரா' என்பது இழுத்தல். 'வித்' என்பது 'பின்னோக்கி, அப்பால்'. போட்ட பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். தேர்வு முடிவு வரும் நாளில் மாணவர்களின் வயிற்றைக் கலக்கும் 'வித்ஹெல்டு' என்ற சொல், கைக்கு வந்து சேராமல் அப்பால் பிடித்து வைக்கப்பட்டது என்று பொருள்படும். 'வித்ஸ்டாண்டு' எதிர்த்து நிற்றல். ஜெர்மன் மொழியில் 'வீடர்' என்றால் இன்றும் 'எதிராக'. 'வீடர்ஷ்டாண்ட்' என்றால் எதிர்ப்பு. மின்சுற்றில் நாம் மின்தடை என்கிறோமே, அதற்கும் அவர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். சட்ட ஆவணங்களில் அடிக்கடி தலைகாட்டும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற நெடுஞ்சொல்லையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்: வேறெந்த விதி இருந்தாலும் அது இந்த விதியை எதிர்த்து நிற்காது என்பதே அதன் பொருள்.

ஆனால் கேள்வியின் சுவையான பாதி இனிமேல்தான் இருக்கிறது. 'எதிராக' என்று பொருள்பட்ட ஒரு சொல், தலைகீழாகப் புரண்டு 'உடன்' ஆனது எப்படி? அகராதிகள் இந்த மாற்றத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். தமிழ் தெரிந்தவனுக்கு இதில் வியப்பே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆங்கிலேயரின் பழைய ஆண்டுக்குறிப்பான ஆங்கிலோ சாக்சன் குரோனிக்கிளில் 871-ஆம் ஆண்டுக்கு உரிய பகுதி போர்களால் நிறைந்தது. வெஸ்ஸெக்ஸ் அரசன் எதெல்ரெடும் அவன் தம்பி ஆல்ஃப்ரெடும் டேனியப் படையைப் பலமுறை எதிர்த்த ஆண்டு அது. 'அந்தப் படைக்கு எதிராகப் போரிட்டனர்' என்று சொல்ல அந்நூல் கையாளும் சொல் நம்முடைய 'வித்' தான். இன்றைய ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே 'ஃபாட் வித் தி ஆர்மி' என்று படித்தாலும் பிழை இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்றைய ஆள் அதை 'எதிராக' என்று மட்டுமே கேட்டிருப்பான். இன்றைய ஆள் 'அந்தப் படையோடு சேர்ந்தா, அதை எதிர்த்தா?' என்று திருப்பிக் கேட்பான்.

இதை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து பார்ப்போம். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கும்பினியாரோடு போரிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே போரில் எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியின் பக்கம் நின்றார். அவரும் கும்பினியாரோடு போரிட்டார் என்று எழுதினால் இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் காண முடியாது. ஒரே உருபு ஒருவரைப் பகைவராகவும் மற்றவரைக் கூட்டாளியாகவும் காட்டுகிறது. கதை தெரிந்தவனுக்குக் குழப்பம் இல்லை; தெரியாதவனுக்காக நாம் 'சேர்ந்து' என்றோ 'எதிர்த்து' என்றோ ஒரு சொல்லை இடையில் செருகுகிறோம். 'கட்டபொம்மன் ஃபாட் வித் தி இங்கிலீஷ்' என்ற ஆங்கில வாக்கியத்திலும் அதே இருபொருள், அதே குழப்பம், அதே பரிகாரம். பேச்சிலும் இப்படித்தான். 'அவன்கூட சண்டை' என்று ஒரு பையன் அழுதுகொண்டு வந்தால், அந்த 'கூட' எந்தக் கூட்டணியையும் குறிக்கவில்லை என்று எந்தத் தாய்க்கும் விளக்க வேண்டியதில்லை.

சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரும் ஒரே செயலில் எதிரெதிர் முனைகளில் நிற்கிறார்கள். முகத்துக்கு முகம் நிற்பது எதிர்ப்பும் ஆகும், கூட்டும் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது பேரம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவர் அவருக்கு எதிரியா, துணையா? பழைய ஆங்கில 'வித்' இந்த நடுநிலத்திலும் வழங்கியது: ஒரு பொருளுக்கு ஈடாக இன்னொன்று என்ற பொருளில் பண்டமாற்றைச் சொல்லவும், ஒரு பொருளின் அருகே என்று இடத்தைச் சொல்லவும் அது பயன்பட்டது. பேரம், வாதம், போட்டி, உடன்படிக்கை, உரையாடல் என்று இந்த வரிசையில் மெல்ல நகர்ந்து பாருங்கள். பகை எங்கே முடிந்தது, உறவு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க இயலாது. சொல்லும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது.

நகர்வுக்கு வெளியிலிருந்து ஓர் உந்துதலும் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் பேசிய நார்ஸ் மொழியில் இதே சொல் 'வித்' என்ற ஒலியோடே இருந்தது. அங்கே அது 'எதிராக' என்பதோடு 'அருகில்', 'உடன்' என்ற பொருள்களையும் தாங்கியிருந்தது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் 'வீத்' என்றால் 'அருகில்'. அடுத்தடுத்த ஊர்களில் இரு மொழிக்காரர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தபோது, ஒரே ஒலியுள்ள சொல்லின் பொருள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கசியாமல் இருக்குமா? எதிரியோடு போரிட்டதைச் சொல்ல வைத்திருந்த சொல்லுக்கு, அந்த எதிரியின் பேச்சே 'உடன்' என்ற பொருளை வலுப்படுத்தியது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

'வித்' இப்படிப் பரவியபோது அந்த இடத்தில் முன்பே குடியிருந்த ஒரு சொல் வெளியேற நேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் 'உடன்' என்பதற்கு உரிய சொல் 'மித்'. ஜெர்மனில் அது 'மிட்' என்று இன்றும் நலமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மட்டும் அது மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிறது: மிட்வைஃப். அதிலுள்ள 'மிட்' என்பதை 'நடு' என்று எண்ணி, நடுவில் நிற்பவள் என்று விளக்கம் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. 'வைஃப்' என்பதற்கும் அன்று பெண் என்றே பொதுப்பொருள். பேறுகாலத்தில் தாயின் உடன் இருக்கும் பெண் என்பதே முழுப்பொருள். நம் கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் எல்லோரும் 'ஏ.என்.எம்.' என்று அழைக்கும் செவிலியரின் பதவிப் பெயரில் கடைசி எழுத்து இந்த மிட்வைஃபுக்கு உரியதுதான். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன சொல்லை மானூரிலும் களக்காட்டிலும் நாள்தோறும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடுகிறது. 'வித்' என்பது 'விதர்' என்ற நீண்ட வடிவத்தின் சுருக்கம். அதன் மூலம் இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் 'பிரிவு, விலகல்' என்ற பொருளுடைய 'வி' என்னும் வேர் என்பது மொழியியலாரின் முடிவு. சமஸ்கிருதத்தின் 'வி' என்ற முன்னொட்டு அதே வேரிலிருந்து வந்தது. யோகம் சேர்க்கை, வியோகம் பிரிவு. கிரயம் என்றால் வாங்குதல், விக்கிரயம் என்றால் விற்றல், அதாவது பொருள் நம்மை விட்டுப் போதல். ஆக, 'உடன்' என்று நாம் முதல் வகுப்பில் மனப்பாடம் செய்த 'வித்' தும், தலைவியின் பிரிவைச் சொல்லும் 'வியோக'த்தின் முதலெழுத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலி ஒத்திருக்கிறதே என்று தமிழின் 'விடு', 'விலகு' ஆகியவற்றையும் இந்தக் குடும்பத்தில் தத்துக் கொடுக்கும் ஆசை நம்மில் பலருக்கு வரும். அவை திராவிடச் சொற்கள். அவற்றுக்கு வேறு வேர், வேறு வரலாறு. ஒலி ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொண்டால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் கட்டிவைக்கலாம்.

பிரிவுப் பொருள் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. 'பார்ட் வித்' என்றால் ஒன்றைப் பிரிய மனம் ஒப்புதல். 'பிரேக் வித்' என்றால் உறவை முறித்தல். 'டிஸ்பென்ஸ் வித்' என்றால் ஒன்று வேண்டாம் என்று கைவிடுதல். இவற்றில் 'உடன்' என்று மொழிபெயர்த்தால் பொருள் அறவே கெடும். தமிழின் 'ஓடு' இங்கேயும் கூட வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'அத்தோடு அந்தப் பேச்சு நின்றது', 'பெற்றதோடு சரி, வளர்த்தது பாட்டி', 'இத்தோட விட்டுரு' ஆகிய தொடர்களில் 'ஓடு' ஒரு முடிவை, ஒரு முறிவைத்தான் காட்டுகிறது. சேர்த்துக் கட்டும் கயிற்றுக்கே அறுபடும் முனையும் இருக்கிறது.

தமிழ் இலக்கணிகள் இந்த உருபை எப்படிக் கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் மட்டுமே ஏதோ விந்தை நடந்ததுபோல் தோன்றும். தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு 'ஒடு' என்றே பெயர் வைக்கிறது: "மூன்றாகுவதே ஒடுவெனப் பெயரிய வேற்றுமைக் கிளவி, வினைமுதல் கருவி அனைமுதற் றதுவே." செய்பவனும் கருவியுமே அதன் பொருளாக அங்கே முதலில் சொல்லப்படுகின்றன. உரையாசிரியர்கள் தரும் உதாரணங்களான 'கொடியொடு துவக்குண்டான்', 'ஊசியொடு குயின்ற தூசும் பட்டும்' என்பவற்றை இன்று நாம் 'கொடியால்', 'ஊசியால்' என்று மாற்றித்தான் எழுதுவோம். பின்னால் வந்த நன்னூல், ஆல், ஆன், ஓடு, ஒடு என்று நான்கு உருபுகளைக் கூறிக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்று பொருள்களையும் அடுக்கிவிடுகிறது. ஆங்கில 'வித்' தும் 'மித்' தின் இடத்தைப் பிடித்தபோது அதன் கருவிப் பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. பேனாவால் எழுதுவதும் நண்பனுடன் எழுதுவதும் அங்கே ஒரே சொல். ஒரு காலத்தில் செய்பவனையும் அதனால் குறித்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் கரடியால் கிழிக்கப்பட்டு மாண்டவனைப் பற்றிய செய்தி வருகிறது. இன்று 'பை எ பேர்' என்று எழுத வேண்டிய இடத்தில் அங்கே 'வித் எ பேர்' என்று இருக்கிறது. இன்றைய மாணவன் அதைப் படித்தால் அந்த மனிதனும் கரடியும் சேர்ந்து கிழிக்கப்பட்டதாகப் பொருள் கொள்வான். 'கொடியொடு துவக்குண்டான்' என்பதை இன்றைய தமிழ் மாணவன் படித்தாலும் கொடியும் அவனும் சேர்த்துக் கட்டப்பட்டார்கள் என்றுதான் எண்ணுவான்.

இந்தக் கலப்பை நம் மாவட்டத்தில் உட்கார்ந்து யோசித்தவர் ஒருவர் உண்டு. 1841-இல் இடையன்குடிக்கு வந்து தேரிக்காட்டுச் செம்மணலில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், உடனிகழ்ச்சிப் பொருள்தரும் 'ஓடு' வை 'ஆல்' உடன் ஒரே வேற்றுமையில் அடைப்பது பொருந்தாது, அதைத் தனி வேற்றுமையாகக் கொள்வதே திராவிட மொழிகளின் இயல்புக்கு ஏற்றது என்ற கருத்தை முன்வைத்தார். 'வித்' என்ற ஒரே சொல்லில் கருவியையும் துணையையும் சொல்லிப் பழகிய ஒருவருக்குத் தமிழில் அவை இரண்டு வெவ்வேறு உருபுகளாகப் பிரிந்து நிற்பது பளிச்சென்று பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

தொல்காப்பியத்தில் இன்னொரு நுட்பமான விதி இருக்கிறது: "ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே." இருவர் சேர்ந்து ஒரு செயல் செய்தால், 'ஒடு' உயர்ந்தவரின் பெயரோடுதான் ஒட்ட வேண்டும், 'ஆசிரியரோடு மாணவர் வந்தனர்' என்பதே முறை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இது நேர்மாறு. முக்கியமானவர் எழுவாயாக முன்னே நடப்பார், மற்றவர்கள் 'வித்' துக்குப் பின்னால் வருவார்கள். 'அமைச்சர் அதிகாரிகளுடன் ஆய்வு செய்தார்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதும்போது பழைய விதி நினைவிலேயே இல்லை. குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மருத்துவத்திலும் 'வித்' துக்கு ஒரு பழைய வேலை இருந்தது. பழைய ஆங்கில வைத்திய ஏடுகளில் பல மருந்துக் குறிப்புகள் 'வித்' என்று தொடங்கி நோயின் பெயரைச் சொல்லும்: தலைவலிக்கு எதிராக, திடீர்க் குத்தலுக்கு எதிராக என்று. தமிழில் நாம் 'தலைவலிக்குச் சுக்கு' என்கிறோம். 'பிள்ளைக்குப் பால்' என்பதிலும் அதே 'கு' தான் இருக்கிறது. பால் பிள்ளையை வளர்க்கும், சுக்கு தலைவலியை ஒழிக்கும். நான்காம் வேற்றுமையின் பொருள்களைச் சொல்லும்போது நன்னூலார் "கொடை பகை" என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாரே, அந்தத் துணிச்சலை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டதில்லை.

கடைசியாக 'வித்அவுட்'. இதன் முதற்பொருள் 'இல்லாமல்' அன்று, 'வெளியே' என்பதே. 'வித்இன்' உட்புறம், 'வித்அவுட்' வெளிப்புறம் என்று இரண்டும் இணையாக நின்றன. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் கடைசி அதிகாரத்தில் 'வித்அவுட் ஆர் டாக்ஸ்' என்று ஒரு வசனம் உண்டு. நாய்கள் இல்லாமல் என்று இதற்குப் பொருள் கொண்டால் வசனமே குலையும். தமிழ் விவிலியம் 'புறம்பே இருப்பார்கள்' என்று சரியாகச் சொல்கிறது. 1848-இல் சிறுவர்களுக்காக வெளியான ஓர் ஆங்கிலப் பாடல் தொகுப்பில், இயேசு அறையப்பட்ட பச்சைக் குன்று நகரச் சுவருக்கு 'வித்அவுட்' இருப்பதாக ஒரு வரி வருகிறது. சுவருக்கு வெளியே என்பது கருத்து. சுவர் இல்லாத குன்று என்று படித்து, குன்றுக்கு எதற்குச் சுவர் என்று குழம்பிய பிள்ளைகள் ஏராளம் என்பதால் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் அந்தச் சொல்லையே மாற்றிவிட்டார்கள். ஒரு பொருளுக்கு வெளியே இருப்பவன் அந்தப் பொருள் இல்லாதவன் ஆகிறான். இப்படித்தான் 'வெளியே' என்பது 'இல்லாமல்' ஆயிற்று. நம்முடைய 'புறம்பு' அந்தப் பாதையில் பாதி வரை வந்திருக்கிறது: சட்டத்துக்குப் புறம்பானது என்றால் சட்டத்தின் ஒப்புதல் இல்லாதது.

மீதித் தூரத்தைத் தமிழர்கள் அந்த ஆங்கிலச் சொல்லின் மீதே ஏறிக் கடந்துவிட்டார்கள். திருச்செந்தூர் பாசஞ்சரில் 'வித்தவுட்டுல வந்தான்' என்றால் எது இல்லாமல் என்று யாரும் கேட்பதில்லை, பயணச்சீட்டுதான். சந்திப்பு ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் 'ரெண்டு டீ, ஒண்ணு வித்தவுட்' என்றால் இல்லாதது சர்க்கரை. முன்னிடைச்சொல்லுக்குப் பின் வர வேண்டிய பெயர் மறைந்து, முன்னிடைச்சொல்லே பெயராகிவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயரின் பக்கத்தில் எங்காவது ஓர் இடம் போட்டுக் கொடுக்கலாம். என் தங்கை மகளையும் அழைத்துக்கொண்டு அன்று மாலை அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தலைநரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்களுக்கு வித்தா, வித்தவுட்டா?" சர்க்கரை என்ற பேச்சே எழவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்; நான் வித்தவுட் என்றேன்.